ஓரத்துப் பழுது

எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் அசல் இல்லை. அப்படிச் சொன்னால் அதைச் செய்த கம்பெனிக்குக் கோபம் வரும். ஒத்துப்போகும் இயந்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க விற்கிற ஒரு பெரிய கம்பெனியின் மெஷினில் எதெல்லாம் ஓடுமோ அதெல்லாம் இதிலும் ஓடும், விலை மட்டும் குறைவு. ஊருக்கெல்லாம் குடிநீர் பில் அடிக்கிற அலுவலகத்துக்கு இது போதும் என்று மேலிடத்தில் முடிவு செய்து வாங்கிப் போட்டார்கள். ஆளுயர அலமாரிகளாக ஒரு பெரிய அறையின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதைக் கட்டி மேய்க்கிற வேலை என்னுடையது.

நான் சிஸ்டம் புரோகிராமர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த மூன்றில் எது எதற்குக் காரணம் என்று அலுவலகத்தில் ஆளுக்கொரு கருத்து உண்டு. அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் என்னிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவாள். "அத்தை, சாப்பாடு மூடி வெச்சிருக்காம்." "அத்தை, ஞாயித்துக்கிழமை விருந்தாளி வராங்களாம், உங்க ரூம் வேணுமாம்." கீழே அவர்கள் எல்லோரும் சிரிக்கிற சத்தம் படியேறி வரும். நான் இறங்கிப் போனால் சிரிப்பு நின்று மரியாதை வந்துவிடும், உடனே யாராவது எழுந்து நாற்காலியைக் காலி செய்வார்கள். அதனால் நான் அதிகம் இறங்குவதில்லை.

மனுஷி மாதிரி பேச எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். மெஷின் கம்பெனி எங்களிடமே உட்காரவைத்திருந்த சர்வீஸ் இன்ஜினியர். பட்டப்பகல் மாதிரி விளக்கெரியும் அறையிலும் சட்டைப் பையில் ஒரு டார்ச் வைத்திருப்பார், அதனால் அவருக்கு டார்ச் என்றே பெயர். அந்தப் பெயரை வைத்தது எங்கள் ஆபரேட்டர். ஆபரேட்டருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. யாராலும் அவரை அணைக்க முடியாது.

அலமாரிகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. தரையில் இருக்கிற ஓட்டைப் பலகைகள் வழியாகக் குளிர்காற்று மேலே வரும். தினமும் பதினொரு மணிவாக்கில் டார்ச் அங்கே ஒரு கேபிள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஃபிளாஸ்கைத் திறப்பார். மூடியில் அவருக்கு, டம்ளரில் எனக்கு. டம்ளரை அவரே வாங்கி வந்திருந்தார். நான் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பேன். பேச்செல்லாம் பெரும்பாலும் கேபிள், விசிறி, டிஸ்க் சத்தம், ரேடியோவின் மாமனார் கதை. நடுவில் ஒருதரம், "சாப்பிட்டீங்களா மேடம்?" என்பார். மூடி வைத்த சாப்பாட்டைச் சாப்பிடுகிறவளுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

"சாப்பிட்டேன் சார். நீங்க?"

"லாட்ஜ்ல குடுத்தாங்க. சாப்பாடுன்னுதான் சொன்னாங்க."

இவ்வளவுதான். இதற்காகத்தான் நான் காலையில் எழுந்து தலை வாரிக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானே வெகுநாள் நம்பவில்லை.

அந்த வருஷம் பெரிய கம்பெனி தன் சிஸ்டம் புரோகிராமைப் புதுசாக்கியது. அதில் ஒரு குசும்பு செய்திருந்தார்கள். தங்கள் புது மெஷின்களுக்கு மட்டும் தெரிந்த சில புதுக் கட்டளைகளை உள்ளே கலந்துவிட்டார்கள். எங்களுடையதைப் போன்ற மெஷின்களுக்கு அந்தக் கட்டளைகள் தெரியாது. பழைய சிஸ்டத்துக்கோ இனி உதவி கிடையாது என்று அறிவித்தாயிற்று. எங்கள் மெஷின் கம்பெனியிடம் கேட்டால், செய்து தருகிறோம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதுதான் அவருக்கு என் ஞாபகம் வரும்.

"புது சிஸ்டம் இதுல ஓடலைன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிட்டு அசலை வாங்கச் சொல்றாங்க. இதை வாங்கலாம்னு கையெழுத்துப் போட்டது நான். என் மானம் போயிடும்."

"மெஷினை அனுப்பினா, இங்க இருக்கற சர்வீஸ் ஆள்?"

"அவரும் கூடவே போவாரு. அசல் கம்பெனிக்கு அசல் ஆளுங்க வருவாங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாத்தான் கேட்டேன். நான் எழுதித் தரேன் சார்."

அவருக்கு மானம் போகிற கவலை. எனக்கு டார்ச் போகிற கவலை.

எழுத வேண்டியது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. தெரியாத கட்டளையைப் பார்த்தால் கம்ப்யூட்டர் விழி பிதுங்கி நின்றுவிடும். நிற்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யும். எந்த இடத்தில் நின்றோம் என்பதை, அதற்கென்றே இருக்கிற ஒரே ஒரு இடத்தில் குறித்து வைக்கும். என் புரோகிராம் அங்கே காத்திருக்க வேண்டும். அந்தக் கட்டளை என்ன வேலை கேட்கிறது என்று பார்த்து, அதே வேலையைத் தெரிந்த பழைய கட்டளைகளை வைத்து முடித்து, விடையை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, நின்ற இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பில் போடுகிற புரோகிராமுக்கு நடுவில் யாரோ வந்து போனதே தெரியாது. கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மழைக்காலம் முழுக்க அதை எழுதினேன். எழுதி முடித்த காகிதக் கட்டை டார்ச்சிடம்தான் முதலில் காட்டினேன். சந்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். டார்ச்சை எடுத்து அடித்து அந்த வெளிச்சத்திலும் பார்த்தார்.

"மேடம், இந்த எடத்துல இது போதுமா?"

எத்தனையோ நாள் தூக்கத்தைத் தொலைத்து எழுதியது. எனக்குச் சுருக்கென்றது.

"போதும். நீங்க ஸ்பேனரைப் பாருங்க சார், கட்டளையை நான் பாத்துக்கறேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காகிதத்தை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "டீ ஆறுது" என்றார். நான் அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

புது சிஸ்டம் ஓடியது. மேனேஜர் இனிப்பு வாங்கித் தந்தார். மெஷின் நிலைத்தது, டார்ச்சும் நிலைத்தார் என்று நான் நிம்மதியாக ஒரு வாரம் இருந்திருப்பேன். அதற்குள் அவருடைய கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தார். இவ்வளவு நன்றாக ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒருவர் எதற்கு என்று கேட்டுவிட்டு, டார்ச்சை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற சர்வீஸ் டிப்போவுக்கு மாற்றிவிட்டார். பழுது என்று போன் செய்தால் வருவார். இல்லையென்றால் இல்லை. என் வேலையே எனக்கு ஆப்பு வைத்தது.

பதினொரு மணிக்குச் சந்தில் தனியாகப் போய் நின்று பார்த்தேன். கேபிள் பெட்டி இருந்தது, டம்ளர் அதன்மேல் இருந்தது. குளிர்தான் தாங்கவில்லை. அவர் இருந்தபோதும் அதே குளிர்தானே அடித்திருக்கும்.

அப்புறம் ஒரு நாள் மெஷின் நின்றது. நின்றது என்றால், விளக்குகள் எல்லாம் எரிகின்றன, ஆனால் பிரிண்டர் வாய் மூடிக்கொண்டது. என்ன கேட்டாலும் பதில் இல்லை. ரேடியோ சர்வீஸுக்குப் போன் போட்டார். டார்ச் நனைந்த குடையோடு வந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மெஷினின் ஸ்விட்ச் பலகை முன்னால் நின்றார், எதை எதையோ திருகினார், ஒரு பொத்தானை அமுக்கினார். பிரிண்டர் மறுபடியும் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. ஒரு தட்டு தட்டினேன். டீ இருக்கு, குடிக்கலாமா?"

அன்றைக்குச் சந்தில் டீ குடித்தோம். ரேடியோவின் மாமனார் புதிதாகச் செய்த காரியம் ஒன்றைச் சொன்னேன், அவர் மூடியில் இருந்த டீ சிந்தும்படி சிரித்தார்.

அதிலிருந்து வாரம் ஒருதரமோ பத்து நாளைக்கு ஒருதரமோ மெஷின் நிற்கும். டார்ச் வருவார், ஒரு தட்டு தட்டுவார், டீ குடிப்போம். என் மனசு இரண்டாகக் கிழிந்து கிடந்தது. என் புரோகிராமில்தான் எங்கோ ஓட்டை என்று எனக்குத் தெரியும், அது என்னை அரித்தது. ஆனால் காலையில் பிரிண்டர் சத்தம் திடீரென்று நிற்கும்போது உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கும். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் டீ குடிக்கும்போது டார்ச் சொன்னார்: "கம்பெனில ஒரு கணக்கு வெச்சிருக்காங்க மேடம். ஒரு மாசம் முழுக்க இந்த மெஷின்ல பழுதே வரலைன்னா, என்னை வேற கிளைக்கு மாத்திடுவாங்க. எங்க அக்கா இருக்கற பக்கம்."

"நல்லதுதானே. லாட்ஜ் சாப்பாட்டுக்கு ஒரு விடிவு வரும்."

"ஆமா. அக்கா நல்லா சமைப்பா."

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போக ஆசைப்படுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஈரத்துணி காயாத ஒரு லாட்ஜ் அறை, குளிர்கிற ஒரு சந்து, கடுகடு மூஞ்சியோடு ஒரு பொம்பளை. இதை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

அடுத்த முறை மெஷின் நின்ற நாள், பாலத்தடியில் தண்ணீர் ஏறி டார்ச் வந்த பஸ் நடுவழியில் மாட்டிக்கொண்டது. எப்போதும் அவர் வந்து தட்டிவிடுவதால் நின்ற மெஷினை நான் நிதானமாகப் பார்த்ததே கிடையாது. அன்று பார்த்தேன். பலகை விளக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். வலை விரித்து உட்கார்ந்தவளுக்கு மீன் கிடைத்துவிட்டது.

தப்பு ஓரத்தில் இருந்தது. கம்ப்யூட்டரின் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும், உள்ளே இடமில்லாத பக்கங்கள் டிஸ்கில் கிடக்கும். புதுக் கட்டளையின் முன்பாதி ஒரு பக்கத்தின் கடைசி ஓரத்திலும் பின்பாதி அடுத்த பக்கத்திலும் விழுவது அபூர்வம். அப்படி விழுந்து, அந்த அடுத்த பக்கம் அந்த நேரம் பார்த்து டிஸ்கில் தூங்கிக்கொண்டிருந்தால், பின்பாதியைப் படிக்கப் போன என் புரோகிராமே தடுக்கி நின்றுவிடும். மெஷின் தன் வழக்கப்படி நின்ற இடத்தைக் குறிக்கும், அதே ஒரே இடத்தில், பழைய குறிப்பின் மேலேயே. எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது அழிந்துவிடும். அதன் பிறகு என் புரோகிராம் வேலையை முடித்துவிட்டுத் தன்னிடமே திரும்பி வரும், மறுபடியும் தன்னிடமே வரும், செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். பின்பாதியைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் குறிப்பை வேறு இடத்தில் எடுத்து வைத்திருந்தால் வம்பே இல்லை. பாலர் வகுப்புப் பாடம்.

டார்ச் வந்து சேர்ந்து வழக்கம்போலத் தட்டிவிட்டுப் போனார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மாடியறை ஜன்னலருகே உட்கார்ந்து யோசித்தேன். சரிசெய்தால் அவர் போய்விடுவார். செய்யாவிட்டால் வாரம் ஒரு டீ. கீழே அண்ணியும் பிள்ளைகளும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வாரத்துக்கொரு டீ வேண்டும் போல இருந்தது, ரொம்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் என் தப்பைக் கயிறாக்கி ஒரு மனுஷனைக் கட்டி வைக்கிற அளவுக்கு நான் கேவலமாகிவிடவில்லை. மறுநாள் போனதும் முதல் வேலையாகச் சரிசெய்தேன்.

இரண்டு நாள் கழித்து டார்ச் வேறு வேலையாக, ஒரு விசிறி மாற்ற வந்தார். சந்தில் அவர் ஃபிளாஸ்கைத் திறக்கும்போது சொன்னேன்.

"சார், புடிச்சுட்டேன். மெஷின் நிக்கறதுக்குக் காரணம்."

அவர் கை நின்றது. "ஓரத்தையா?"

"ஆமா. சரி பண்ணிட்டேன். இனிமே நிக்காது."

"எல்லாத்தையும் பாத்துட்டீங்களா?"

"எல்லாத்தையும். நீங்க உங்க சர்வீஸ் கார்டுல பழுது தீர்ந்ததுன்னு எழுதிக்கலாம்."

டார்ச் டீயை ஊற்றினார். எனக்கு ஊற்றியது டம்ளர் நிறைந்து வழிந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. "நல்லது மேடம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல வேலை" என்றார்.

அந்த மாதம் மெஷின் நிற்கவே இல்லை. மாதம் முடிந்ததும் டார்ச் வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ரேடியோ அவரைக் கட்டிப் பிடித்து, மாமனார் சார்பிலும் வாழ்த்துச் சொன்னார். என் மேசைக்கு வந்து, "வரேன் மேடம். வேளைக்குச் சாப்பிடுங்க" என்றார். நான் மானிட்டரைப் பார்த்தபடியே, "போய்ட்டு வாங்க சார்" என்றேன். தலையை நிமிர்த்தியிருந்தால் அழுதிருப்பேன்.

டம்ளரை எடுத்துப் போக மறந்துவிட்டார். அல்லது அப்படி நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மெஷின் ஓடியது. வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள், நான் ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன், போனார்கள், மாடியேறினேன். ஒரு வாரம் முழுக்க என்னோடு யாரும் வேலையைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது உறைத்தது. கண்டக்டர் "சில்லறையா குடும்மா" என்றதுதான் அந்த வாரத்தின் உரையாடல்.

பிறகு ஒரு நாள் கேபிள் ஒன்று தளர்ந்து மெஷின் நின்றது. என் புரோகிராமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புது இன்ஜினியர் வந்தார், வழித்து வாரிய தலை, கையில் பளபளவென்று பெட்டி. கேபிளை இறுக்கினார், ரீசெட் போட்டார், போய்விட்டார். பில் ஓட்டம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பாதி ஊருக்கு இரண்டு பில் அடித்து, ரேடியோ மூட்டை மூட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"டார்ச் இருந்தவரைக்கும் இந்த ரோதனை உண்டா மேடம்? அவரு தட்டினா விட்ட எடத்துலேர்ந்து ஓடும். ஒரு பில்லு ரெண்டு தடவை அடிச்சதில்ல."

"ரீசெட் போட்டா அப்படித்தான். விட்ட எடத்துலேர்ந்தெல்லாம் ஓடாது."

"அப்ப அவரு மட்டும் எப்படிப் பண்ணாரு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

விட்ட இடத்திலிருந்து ஓட முடியாது. அந்தப் பழுதின் லட்சணமே விட்ட இடம் அழிந்துபோவதுதான். அழிந்ததை யாராவது கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, ஸ்விட்ச் ஸ்விட்சாகத் திருகிக் கையால் உள்ளே வைத்தால்தான் ஓடும். அப்படி வைக்க வேண்டுமானால் தப்பு எங்கே என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவையே தெரிந்திருக்க வேண்டும். 'ஓரத்தையா?' என்று கேட்டார் அவர். ஓரம் என்ற வார்த்தையை அதற்கு முன்னால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

காகிதக் கட்டைப் புரட்டிய அன்றே பார்த்திருக்கிறார். சொல்ல வாயெடுத்தார், நான் ஸ்பேனரைப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் சொல்லவில்லை. பழுது வரும், போன் வரும், ஊரைத் தாண்டி வந்து ஒரு பில்கூடத் தப்பாமல் தன் கையாலேயே சரிசெய்துவிட்டு, தட்டினேன் என்று சொல்லிவிட்டு டீயைத் திறப்பார். என் புரோகிராம் அந்த மெஷினுக்குச் செய்ததை அவர் என் புரோகிராமுக்குச் செய்துகொண்டிருந்தார். அந்த மனுஷனிடம்தான் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இனிமேல் நிற்காது என்று சொன்னேன்.

சர்வீஸுக்குப் போன் செய்தேன். எடுக்கும் பெண்ணின் குரல் எனக்குப் பழக்கம், முகம் தெரியாது.

"மெஷின் நின்னுடுச்சா மேடம்?"

"இல்ல. ஓடுது."

"அப்ப என்ன பழுது?"

"பழுது ஒண்ணும் இல்ல. முன்னாடி வந்துட்டிருந்த இன்ஜினியர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"அவர் வேற கிளைக்குப் போயிட்டாரே. பழுது இல்லாம ஆளைக் கூப்பிட வழியில்ல மேடம். பழுது இருந்தாலும் இப்ப புதுசா வந்தவர்தான் வருவாரு."

போனைப் பிடித்தபடி நின்றேன். அந்தப் பக்கம் அவளும் வைக்கவில்லை. காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஒரு வழி இருக்கு," என்றாள். "மூடின பழுதைத் திரும்பத் திறந்தா, யாரு மூடினாரோ அவருக்குத்தான் போகும். எந்தக் கிளையில இருந்தாலும் வந்தாகணும். இந்தக் கேபிள் பழுதுக்கு முந்தின பழுதை அவர்தான் மூடியிருக்காரு. திறக்கட்டுமா?"

"திறங்க."

"காரணம் எழுதணும். இன்ஜினியர் சரியா பாக்கலைன்னு போடட்டுமா? வழக்கமா அதான் போடுவோம்."

"அப்படிப் போடாதீங்க. அவர் சரியாத்தான் பாத்தாரு. தீர்ந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொன்னது நான். நான் சொன்னது தப்புன்னு போடுங்க."

பேனா ஓடுகிற சத்தம். வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்னது தப்பு என்று ஒருவரை எழுத வைத்துக்கொண்டிருந்தேன், அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"அவர் இருக்கற இடம் தூரம் மேடம். வர நாளாகும். அதுவரைக்கும் மெஷின் தாங்குமா?"

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல. அது நல்லா ஓடும். நான் காத்திருக்கேன்னு எழுதுங்க."

பேனா ஓடுகிற சத்தம் நின்றது.

"அதை எழுத இந்தக் கார்டுல எடமில்ல மேடம்," என்றாள். "வாயால சொல்லிடறேன்."